மூன்றடுக்கில் வந்த கை

அந்த டிபன் கேரியரைத் திறந்தபோது எனக்கு நல்ல பசி. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். என் அண்ணனின் மனைவி, அதாவது என் மதினி, வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்து, கல்யாண வீட்டுக்குச் சாம்பார் எடுத்துப்போகிற அளவுக்குப் பெரிய மூன்றடுக்குக் கேரியரை மேஜையில் வைத்தார். “செத்த தெறந்து பாருட்டி” என்றார். கத்திரிக்காய்க் குழம்பாக இருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊற முதல் அடுக்கைத் திறந்தேன். உள்ளே பிசைந்த சப்பாத்தி மாவு இருந்தது. இரண்டாவது அடுக்கிலும் மாவு. மூன்றாவதிலும் மாவு. “என்ன மதினி, சுடறதுக்கு அடுப்பையும் நானே வாங்கிக்கணுமா?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாவின் மேல் இருந்த தடம் கண்ணில் பட்டது.

ஒரு கை அதில் பதிந்திருந்தது. கட்டைவிரல் ஆழமாக, சுண்டுவிரல் லேசாக. இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள், பட்டாணியை அழுத்தி எடுத்த மாதிரி. அது மதினியின் இடது கை. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் வேலை பார்த்தபோது அந்த விரல்கள் போயின. அது நடந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஏழு வருடமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்திருக்கிறோம். ஆனாலும் அந்தக் கையை நான் நேராகப் பார்த்தது கிடையாது. எப்போதும் முந்தானை அதன் மேல் கிடக்கும். சோறு போடும்போதும் சரி, துணி உலர்த்தும்போதும் சரி, முந்தானையோடு சேர்ந்துதான் அந்தக் கை நகரும். நாங்களும் பார்க்காமல் பழகியிருந்தோம். முதன்முதலாக அந்தக் கையை நான் பார்த்தது மாவில்தான். பசி போன இடம் தெரியவில்லை.

“எதுக்கு மதினி மூணு?” என்று மட்டும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. “மூணு ரீடிங் எடுத்தாத்தான் சரியா இருக்கும். ஒண்ண நம்பக் கூடாது” என்றார். மில்லின் டெஸ்டிங் லேபில் அவருக்கு அது பழக்கம். கை போன பிறகு நிர்வாகம் அவரை மெஷினிலிருந்து எடுத்து லேபில் போட்டிருந்தது. நூலின் பருமன், இழுத்தால் எவ்வளவு தாங்கும், எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று சோதிக்கிற இடம். எந்தச் சோதனையையும் மூன்று தடவை செய்துதான் எழுதுவார்கள். மதினி அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பால் பொங்கியதா என்று மூன்று தடவை பார்ப்பார். அண்ணன் பொய் சொல்கிறானா என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவை அவன் கட்டாயம் மாட்டிக்கொள்வான்.

விஷயம் இதுதான். லேபுக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். அவருக்கு அடுத்தபடியாக அந்த வேலை முழுதும் தெரிந்தவர் மதினிதான். நூலை விரலில் வைத்து உருட்டியே பருமனைச் சொல்லிவிடுவார். ஆனால் பொறுப்பாளர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய் அளவுகளை அங்கேயே பதிய வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுவதற்குள் ரிப்போர்ட் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். மதினி வலது கையால் மட்டும் டைப் அடித்தால் சங்கு ஊதி, ஆட்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியூரிலிருந்து ஒருவரை எடுக்கப் போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மதினியிடம், “உங்களால முடியும்னா அடுத்த மாசக் கடைசித் திங்கக்கிழமை போட்டுக் காட்டுங்கம்மா” என்றும் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னாராம். முடியாது என்று நினைத்துச் சொல்கிற மரியாதை எப்படியிருக்கும் என்று மதினிக்குத் தெரியும்.

“என் கைக்கு ஏத்த லேப்டாப் கடையில இல்ல. அப்ப நாமளே ஒண்ணு செஞ்சிருவோம். நீ தெனம் பத்து லேப்டாப்பக் கழட்டுறியே, ஒண்ணச் சேக்கத் தெரியாதா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கழட்டுவது வேறு, சேர்ப்பது வேறு என்று நீளமாக விளக்கம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் என்றால் பாகம் பாகமாக வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடலாம். லேப்டாப்பில் ஒன்றின் அளவு இன்னொன்றுக்குச் சேராது, ஒரு கம்பெனி திரையின் வயர் இன்னொரு கம்பெனி போர்டில் பொருந்தாது, சூட்டை எப்படி வெளியேற்றுவது, மூடியின் கீலை எங்கே திருகுவது என்றெல்லாம் அடுக்கினேன். மதினி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “சரி, எம்புட்டு நாளாகும்?” என்றார். அந்தக் கேள்விக்கு முன்னால் என் விளக்கமெல்லாம் எடுபடவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரம் ஆசை வரும். அன்று சாயங்காலமே ஒரு தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டேன். திரை உடைந்து, சரிசெய்ய மனமில்லாமல் ஒருவர் கடையிலேயே விட்டுப்போன லேப்டாப்பின் போர்டு இருந்தது. அதிகம் சூடாகாத ரகம். தண்ணீர் புகுந்து போர்டு செத்துப்போன இன்னொன்றின் திரை நன்றாக இருந்தது. முதலாளி தாராளமாக, “இது ஓடுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்” என்று சொல்லி இரண்டையும் கொடுத்தார். திரைக்கும் போர்டுக்கும் நடுவில் போகிற வயர்தான் இரண்டு வாரம் உயிரை வாங்கியது. முதலில் போட்ட வயரில் திரை இருட்டாகவே இருந்தது. இரண்டாவது வயரில் பச்சைப் பச்சையாகக் கோடு ஓடியது. மூன்றாவதாக மதுரையிலிருந்து வரவழைத்ததில்தான் படம் வந்தது. “பாத்தியா, மூணு” என்றார் மதினி.

ஃபேன் வைக்கக் கூடாது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. மில்லில் பறக்கிற பஞ்சு எதையும் விட்டுவைக்காது. மில்லிலிருந்து ரிப்பேருக்கு வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனைச் சுற்றி அடைந்திருக்கும் பஞ்சில் விளக்குத் திரி திரிக்கலாம். அதனால் பெட்டியையே அலுமினியத் தகட்டில் செய்து, சூடாகும் சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு செம்புப் பட்டையை வைத்துவிட்டோம். உள்ளே பிறக்கிற சூடு தகட்டில் பரவித் தானாக ஆறிவிடும். காற்று போக ஓட்டையே கிடையாது. தகட்டை வளைத்துக் கொடுத்தவர் அந்த மில்லின் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஃபிட்டர் அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர். மதினியின் கை மெஷினில் சிக்கிய அன்று ஓடிப்போய் பெல்ட்டை அறுத்து மெஷினை நிறுத்தியவர் அவர்தான். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், மதினியும் பேசமாட்டார். தகடு கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல், “எத்தன மில்லிமீட்டரு?” என்றுதான் கேட்டாராம்.

மீதி இருந்தது பட்டன் பலகை. அதற்காகத்தான் இத்தனை பாடும். மாவுத் தடங்கள் மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து சராசரி எடுத்தேன். கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் நான்கு பட்டன், சுண்டுவிரலுக்கு மூன்று பட்டன். மற்றவை எல்லாம் வலது கைப் பக்கம். இடது கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் வலது கைக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் அப்படியே மாறி, இடது பக்கம் இருந்திருக்க வேண்டிய எழுத்துகள் வரும். விட்டால் பழையபடி. அதாவது வலது கை இரண்டு கையின் வேலையையும் செய்யும். எப்போது எந்தக் கையாக இருக்க வேண்டும் என்பதை இடது கை சொல்லும். இந்த யோசனை என்னுடையது இல்லை, மதினியுடையது. “இது நல்லாருக்குல்ல? உத்தரவு போடறது இது, வேல பாக்கறது அது” என்று முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பட்டன் பலகையை நேராகப் போர்டோடு பற்றவைத்துவிட நினைத்திருந்தேன். இடம் மிச்சம், வேலையும் மிச்சம். மதினி ஒத்துக்கொள்ளவே இல்லை. “தனித்தனியா கழட்டுற மாதிரிதான் வைக்கணும். மில்லுல எந்த மெஷினும் அப்படித்தான். ஒரு பாகம் போனா அத மட்டும் மாத்திட்டு ஓட்டுவாங்க. ஒண்ணா ஒட்டிட்டா மொத்தமாத் தூக்கிப் போடணும்” என்றார். படித்தவளுக்கு மில்காரி பாடம் சொல்கிறாளே என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே, பலகைக்குத் தனியாக ஒரு சின்ன போர்டு வைத்து, சாதாரண யூஎஸ்பி வயர் ஒன்றில் முடித்து, நான்கு திருகில் நிறுத்தினேன்.

பலகை தயாராகும்வரை பழக வேண்டுமே என்று ஓர் அட்டையில் அதே அளவுக்குச் சட்டைப் பட்டன்களை ஒட்டிக் கொடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மதினி அதை மடியில் வைத்து அடித்துப் பழகினார். இடது கையும் அட்டையின் இடது பாதியும் முந்தானைக்குள் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கிழவி, “மடில என்னத்தா, கோழிக் குஞ்சா? இந்தத் துடி துடிக்குது?” என்று கேட்டாளாம். மதினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அட்டையை வெளியே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காட்ட வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், கடைசி நான்கு துளைகளைப் போட்டு மூடியைப் பூட்டுவதற்காக மில் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். வாசலில் எனக்குப் பாஸ் எழுதி வாங்கியிருந்தார் மதினி. ஃபிட்டர் அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பெருமை. மூடாமலே பேட்டரியைச் சொருகி ஆன் பண்ணினேன். திரை வெளிச்சமாகி, மதினி வலது கையால் தன் பெயரை அடித்ததும் ஃபிட்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். ஆஃப் பண்ணிவிட்டு, துளை போடுவதற்காக மேல் தகட்டைப் பொருத்தினோம். அவர் துளை போட்டார். அலுமினியத் துருவல் பளபளவென்று உள்ளே சிதறியது. எனக்குத் தாகமாக இருந்தது. பானையைத் தேடி வெளியே போனேன்.

மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதன் மேல் தூசி இருந்தாலும் சுவரில் தொங்கும் ஏர் பைப்பை எடுத்து ஒரு அடி அடிப்பார்கள். மெஷின் மேல், தரை மேல், ஷிப்ட் முடிந்ததும் தங்கள் தலை மேல், சேலை மேல், டிபன் பை மேல். கை கழுவுவது போல அது. தகட்டைத் தூக்கியதும் மதினி உள்ளே கிடந்த துருவலைப் பார்த்தார். போர்டின் மேல் துருவல் கிடந்தால் கெடுதல் என்று நான்தான் நூறு தடவை சொல்லியிருந்தேன். கை தானாகப் போய்ப் பைப்பை எடுத்தது. ஐப்பசி மாதம், ஒரு வாரமாக மழை. பைப்புக்குக் காற்று தரும் தொட்டியின் அடியில் ஈரக் காற்றிலிருந்து சேர்ந்திருந்த தண்ணீரை யாரும் திறந்துவிட்டிருக்கவில்லை. துருவலோடு சேர்ந்து பொடிப்பொடியாகத் தண்ணீரும் பாய்ந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வரும்போது, “தேவுடா!” என்று ஃபிட்டர் அண்ணன் தலையில் கை வைத்தார். போர்டிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு கோடு எழும்பியது.

அதற்குப் பிறகு நான் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “ரெண்டு மாச ஒழைப்பு மதினி! ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா உங்களால? எலக்ட்ரானிக் சாமான்னா என்னன்னு தெரியுமா? எல்லாத்தையும் நூலு மெஷின்னு நெனச்சுட்டீங்களா?” என்று, ஒர்க்ஷாப் ஆட்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மதினி ஏர் பைப்பை அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டினார். மேல் தகட்டைத் துணியால் துடைத்தார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அட்டை பையிலேயே இருந்தது.

நான் கத்தும்போதே எனக்கு ஒன்று தெரியும். ஆஃப் பண்ணிய பிறகு பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். கடையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பேட்டரி இல்லாமல் இருந்திருந்தால் தண்ணீரைத் துடைத்து, காயவைத்து, மறுநாள் ஓட்டியிருக்கலாம். பெருமையில் மறந்தவள் நான். அதைச் சொல்லாமல் அவரைப் பார்த்துக் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மதினியும் கூட வந்தார். வரவேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. போர்டு செத்துவிட்டிருந்தது. அதே ரகத்தில் வேறொன்று ஒரே நாளில் கிடைக்க வழியில்லை. அப்படிச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மதினி பிரித்துப் போட்டதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, “பட்டன் பலக உசுரோட இருக்கா?” என்று கேட்டார். அதன் வயரைக் கழற்றிக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன். எல்லா எழுத்தும் வந்தது. மதினி அதையே திரும்பவும் செய்யச் சொன்னார். மூன்று தடவையும் வந்தது.

“அப்ப மில்லு லேப்டாப்புல இதச் சொருகினா ஓடுமா?” என்றார். ஓடும் என்றேன். நான்கு திருகைக் கழற்றினால் பலகை தனியாகக் கையில் வந்துவிடும். நான் பற்றவைத்திருந்தால் அதுவும் போர்டோடு போயிருக்கும். ஆனால் மில் லேப்டாப்பில் வெளிச் சாமான் எதையும் சொருகக் கூடாது என்று அங்கே கண்டிப்பு. “மேனேஜர்கிட்டக் கேக்கணுமே மதினி” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அதன் பாரம் எனக்குப் புரிந்தது. கை போன பிறகு மதினி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. லேபில் போட்டதையே, ‘பாவம்னு உக்கார வச்சிருக்காங்க’ என்று இரண்டு பேர் பேசியதை அவர் காதால் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பஸ்ஸில் இடம்கூடக் கேட்டதில்லை. தனக்கென்று ஒரு லேப்டாப்பை முழுதாகச் செய்துகொள்ள நினைத்ததே, யாரிடமும் எதையும் கேட்காமல் இருக்கத்தான். இப்போது கேட்டே ஆக வேண்டும். அதோடு முந்தானைக்குள் வைத்து இந்தப் பலகையை அடிக்க முடியாது.

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் மதினி சொன்னதைத்தான் சொல்கிறேன். பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். மேனேஜர் அறைக்குள் போனதும் துண்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். “சார், இது என் கைக்குன்னு செஞ்சது. இத லேப்டாப்புல சொருக நீங்க அனுமதி குடுக்கணும். இன்னைக்கு நேரமாகும். ஒரு நா ரீடிங்க வச்சு முடிவு பண்ணிராதீங்க. மூணு நா பாருங்க” என்றார். பிறகு முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இடது கையைப் பலகை மேல் வைத்தார்.

“அவிய என்ன செஞ்சாங்க மதினி?” என்று கேட்டேன். “கையப் பாத்தாரு. ஒடனே கண்ண எடுத்துக்கிட்டாரு. பொறவு திரும்பவும் பாத்தாரு. சொருகிக்கங்கம்மான்னாரு. அதுக்குப் பொறவு கையப் பாக்கவே இல்லட்டி. நான் அடிக்கற எழுத்தத்தான் பாத்தாரு. அம்புட்டுத்தான்” என்றார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுகை இல்லை. ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு நடந்த ஒன்றைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நிற்கிறவர் மாதிரி, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

முதல் நாள் சங்கு ஊதி இருபது நிமிடம் கழித்துத்தான் ரிப்போர்ட் போனது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் லேப் வாசலில் நின்று முணுமுணுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் ஏழு நிமிடம் தாமதம். மூன்றாம் நாள் நான் கடையில் இருந்தாலும் மனசெல்லாம் ராஜபாளையத்தில்தான். ஒரு கஸ்டமரின் லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டு எந்தத் திருகு எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மாலையில் போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம். “ஏட்டி, இன்னும் சங்கு ஊதல” என்றார் மதினி. “ரிப்போர்ட்டு போயிருச்சு. நான் சும்மா உக்காந்திருக்கேன்.” அவர் சொல்லி முடித்த பிறகுதான் போனுக்குள் நீளமாகச் சங்கு ஊதியது. கடையில் நான் வாய்விட்டு அழுதேன். முதலாளி பயந்துபோய், “யாருக்கு என்னம்மா?” என்று எழுந்து வந்தார்.

மறுநாள் மேனேஜர், “நாலாவது நாளும் நீங்களே போடுங்கம்மா” என்றாராம். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு அடுத்த நாளும் மதினியே போட்டார். வெளியூர் ஆள் யாரும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே ரகத்தில் ஒரு போர்டு கிடைத்தது. பழைய பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இந்தத் தடவை ஃபிட்டர் அண்ணனைக் கடைக்கே வரவழைத்து, ஒரு தூரிகையைக் கையில் கொடுத்துத்தான் துளை போட விட்டேன். லேப்டாப் ஓடியது. முதலாளி மீசையை எடுக்கவில்லை. ‘ஓடுச்சுன்னா’ என்றால் ‘முதல் தடவையே ஓடுச்சுன்னா’ என்று அர்த்தம் என்று வாதாடினார்.

பேட்டரி விஷயத்தை மதினியிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “தெரியும்” என்றார். ஃபிட்டர் அண்ணன் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். “பொறவு ஏன் மதினி என்னைத் திருப்பித் திட்டல?” என்றேன். “நீ ஒரு நா தானாச் சொல்லுவேன்னு இருந்தேன். எத்தன நாளாகுதுன்னு பாத்தேன்” என்று சொல்லி, கீரைக் கட்டை என் பக்கம் தள்ளினார். இரண்டு கையாலும் தள்ளினார்.

இப்போது எனக்கென்று சொந்தமாகச் சின்னக் கடை இருக்கிறது, அதே தேரடிப் பக்கத்தில்தான். மதினிதான் இன்னமும் லேப் பொறுப்பு. அந்த லேப்டாப்புக்குத் திரை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது, பேட்டரி இரண்டு தடவை. முதலில் போட்டதில் மிச்சம் இருப்பது பெட்டியும் பட்டன் பலகையும்தான். கட்டைவிரல் பட்டன்களில் ஒன்று தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் மனைவியோடு கடைக்கு வந்தார். வன்னியம்பட்டிக்காரர், நாற்பது வயதிருக்கும். ஜெராக்ஸ் கடையில் மனுவும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடித்துப் பிழைத்தவர். வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுகிற மெஷினில் வலது கையின் நடு விரல்கள் போய்விட்டன. மதினியைப் பற்றி யாரோ சொல்லி மில்லுக்கே தேடிப்போயிருக்கிறார். கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி கையில் ஒரு டிபன் கேரியர். “அக்கா சொன்னபடி மூணு தடவ பதிச்சிருக்கோம்” என்று அந்தம்மா சொல்லி ஒவ்வோர் அடுக்காகத் திறந்து வைத்தார். நான் ஸ்கேலை எடுத்தேன். 

லீவு நாளென்று மதினியும் வந்திருந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு வந்தவருக்கு எதிரில் உட்கார்ந்தார். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. மாவுக்குப் பக்கத்தில், மேஜை மேல், தன் இடது கையை விரித்து வைத்தார். “இங்க பாருங்க தம்பி. கட்டவெரலு இங்க விழுதா? அங்க நாலு பட்டன் வரும். சுண்டுவெரலுக்கு மூணு. மத்தத அந்தக் கை பாத்துக்கும். உத்தரவு போடறது மட்டும்தான் இதுக்கு வேல” என்று விளக்கிக்கொண்டே போனார். அவர் முதலில் மதினியின் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.  அவராகவே துண்டைப் பிரித்தார். மெல்ல, யாராவது வேண்டாமென்று சொல்வார்களோ என்று காத்திருக்கிற மாதிரி, தன் கையை எடுத்து மதினியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் மாவின் மேலிருந்த ஸ்கேலை எடுத்து அவர் கையின் மேலேயே வைத்தேன்.

“மூணு தடவ அளந்துக்கோ” என்றார் மதினி.